வேருக்குப் பொன்னாடை

போன மாதம் மதுரையில் 'வட்டாரப் படைப்பாளர், தொழில்நுட்பர் அடித்தளச் சமூகம்' என்று ஒன்றைத் தொடங்கிவைத்தார்கள். அடித்தளம் என்றார்களே என்று போனால், பெரிய ஓட்டலின் நாலாவது மாடி.

குத்துவிளக்குக்கு ஐந்து முகம், ஏற்ற வந்தவர்கள் பதினொரு பேர். பிறகு வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை. "மதுரைப் பிள்ளைகளிடம் திறமை கொட்டிக் கிடக்கிறது" என்றார் சென்னையிலிருந்து வந்த விருந்தினர். அள்ளிக்கொண்டு போகத்தானே வண்டி கட்டி வந்திருக்கிறீர்கள்! "காசைப் பார்க்காதீங்க தம்பி, தொடர்பைப் பாருங்க" என்றும் சொன்னார். அவருடைய விமான டிக்கெட்டைத் தொடர்பா எடுத்துக் கொடுத்தது?

மேடைக்குப் பின்னால் இருபதுக்குப் பத்து அடி பிளெக்ஸ். அதை வடிவமைத்த பையன் கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில், சாப்பாட்டு டோக்கனைக் கையில் சுருட்டியபடி உட்கார்ந்திருந்தான். அந்த டோக்கன்தான் கூலி. மூன்று ராத்திரி, பதினொரு திருத்தம். "மஞ்சளைக் கொஞ்சம் மங்களகரமா ஆக்குங்க தம்பி." மூலையில் பொடி எழுத்தில் தன் பெயரைப் போட்டிருந்தானாம். எட்டாவது திருத்தத்தில் 'இடத்தை அடைக்குது' என்று அதையும் தூக்கச் சொல்லிவிட்டார்கள். அச்சடித்த கடையின் செல் நம்பர் மட்டும் அடியில் பளிச்சென்று இருக்கிறது. கடைக்காரர் காசு வாங்காமல் மெஷினை ஓட்டமாட்டார். பொன்னாடை விற்றவரும் ரொக்கம் வாங்கினார், சவுண்ட் சர்வீஸும் ரொக்கம் வாங்கினார். மவுஸ் பிடித்தவன் மட்டும் சமூகம்.

நான் எழுந்து கேட்டேன்: "மாசத்துல ஒரு ஞாயிறு உட்கார ஓர் அறை, ரெண்டு ஃபேன், நாலு பிளக் பாயிண்ட் கொடுங்க. எந்த வேலைக்கு எவ்வளவு கேக்கலாம்னு எங்களுக்குள்ள பேசிக்கிறோம்."

"அது சங்கம் மாதிரி ஆயிடுமே தம்பி" என்றார் அமைப்பாளர்.

மதுரையில் நின்றுகொண்டு சங்கம் ஆகாது என்று ஒரு மனிதர் சொல்லி, அதையும் இந்தக் காதால் கேட்டாயிற்று.

அறை கொடுக்காவிட்டால் காத்திருக்க வேண்டுமா? சென்னையில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகத்தை 2000-இல் திறந்தார்கள். விழுப்புரத்துக்கு மினி டைடல் வர 2024 ஆயிற்று. வரட்டும், கட்டடம் வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அது வரும் வரைக்கும் அந்த ஊர் கைகட்டி நிற்கவில்லை. அங்குள்ள லினக்ஸ் பயனர் குழு அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சும்மாவே கணினி சொல்லிக்கொடுத்து வந்தது. அதுவும் காசு வாங்காத வேலைதான். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். எங்களிடம் வாங்குகிறவர்கள், கேட்காமலே தானம் எடுத்துக்கொண்டு அதற்குச் சமூகம் என்று பெயர் வைக்கிறார்கள்.

வருகிற ஞாயிறு மாலை 4 மணிக்கு அந்தப் பையனின் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, முடிந்தவர்கள் இன்னொன்று எடுத்து வாருங்கள். உங்களுக்குக் கூலி பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலையும்.