பாப்பாவுக்கு எந்த போர்டு?

குழந்தை அ, ஆ படிப்பதற்கு முன்பே சென்னையில் அப்பாவும் அம்மாவும் படித்து முடிக்க வேண்டிய எழுத்துகள் சில இருக்கின்றன: சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ, ஐஜிசிஎஸ்இ, ஐபி. குழந்தைக்கு இரண்டரை வயது தாண்டியதும் இந்தப் பாடம் ஆரம்பமாகிவிடும். மாடியில் துணி உலர்த்தப் போனால் எதிர் ஃபிளாட் மாமி கேட்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். “பாப்பாவுக்கு எந்த போர்டு பார்த்திருக்கீங்க?” இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னால் அவர் ரசத்தைப் பாதியில் நிறுத்திவிடுவார். “இப்பவே லேட்டு சார்.”

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரி. வீடு நங்கநல்லூரில். வங்கிக்காரனுக்கு எந்தத் திட்டத்தையும் அதன் விதிமுறைகளோடு படித்துப் பார்க்கும் வியாதி உண்டு. அப்படிப் படித்ததில் ஒன்று தெரிந்தது. இந்த எழுத்துகளில் சில ஊர் ஊராகப் போகிறவர்களுக்காக உண்டானவை.

சிபிஎஸ்இ 1962-இல் இன்றைய வடிவத்தை எடுத்ததற்கு ஒரு காரணம், அடிக்கடி மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள். இன்று டெல்லி, நாளை கவுகாத்தி என்று போகும் பிள்ளைக்குப் பாடம் மாறக் கூடாது. நியாயமான ஏற்பாடு. ஆனால் எங்கள் தெருவில் பிள்ளையை சிபிஎஸ்இயில் சேர்த்திருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இருபது வருஷ ஹோம் லோனில் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு லோன் போட்டுக் கொடுத்தவனே நான்தான். அவர்களால் எங்கேயும் போக முடியாது.

ஐபி இன்னும் ஒரு படி மேலே. 1968-இல் ஜெனீவாவில் தொடங்கியது. சர்வதேச அமைப்புகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் நாடு விட்டு நாடு போனாலும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர வழி வேண்டும் என்று யோசித்துச் செய்தது. நான் எதிர்பார்க்கும் ஆகப் பெரிய மாற்றல் விருதுநகர். ஐபியில் முழு மதிப்பெண் 45 என்று அம்மாவிடம் சொன்னேன். “அவ்வளவு பணம் கட்டியும் நாப்பத்தஞ்சுதானா?” என்றாள். ஆறு பாடத்துக்கு ஏழு ஏழாக 42, மற்றதற்கு 3 என்று விளக்கப் பார்த்தேன். “நீ ஏழாங்கிளாஸ்ல கணக்குல நாப்பத்தஞ்சு வாங்கினப்பவும் இப்படித்தான் ஏதோ விளக்கினே” என்று எழுந்து போய்விட்டாள்.

நான் படித்தது மெட்ரிகுலேஷன். அந்தப் பள்ளிகள் ஒரு காலத்தில் சென்னை, மதுரைப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருந்தவை, அதனால் அந்தச் சொல்லுக்கே ஒரு மிடுக்கு இருந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சமச்சீர்க் கல்வியை நடைமுறைப்படுத்தச் சொன்னதும் கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைக்கும் மெட்ரிக் பிள்ளைக்கும் ஒரே புத்தகம் என்று ஆனது. மிச்சமிருந்த வித்தியாசம் டை மட்டும். விளைவு, பல மெட்ரிக் நிர்வாகங்கள் பக்கத்து மனையிலேயே சிபிஎஸ்இ பள்ளி ஒன்றைத் திறந்தன. எங்கள் பக்கம் ஒரு பள்ளியில் இரண்டுக்கும் ஒரே கேட். உள்ளே போய் இடது பக்கம் திரும்பினால் சமச்சீர், வலது பக்கம் திரும்பினால் டெல்லி.

என் மனைவிக்கு இந்த ஆராய்ச்சியில் எல்லாம் ஆர்வமில்லை. “ஏங்க, நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்” என்றாள். ஓஎம்ஆர் பக்கம் ‘இன்டர்நேஷனல்’ என்று பெயரில் வைத்திருக்கும் பள்ளி ஒன்றுக்குப் போனோம். ரிசப்ஷனில் காபி கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் என் அப்பாவை உட்கார வைத்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. கவுன்சலர் என்று ஓர் இளம்பெண் வந்து சுற்றிக் காட்டினார். நீச்சல் குளம், ரோபோடிக்ஸ் லேப், கருப்புக் கண்ணாடி போட்ட ஆடிட்டோரியம். அப்புறம் ‘சாண்ட் பிட்’ என்று ஓர் இடம். குழந்தைகள் மணலில் விளையாடினால் தொடு உணர்வு வளருமாம். வீடு கட்ட எங்கள் தெருவில் கொட்டியிருந்த மணலில் அதே தொடு உணர்வை வளர்த்துக்கொண்டதற்காக முந்தின நாள்தான் பாப்பா அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“நாங்க பாடம் நடத்துறதில்லை சார். குழந்தையோட பயணத்துல கூட வர்றோம்” என்றார் கவுன்சலர். கூட வருவதற்கான சார்ஜ் தனித் தாளில் இருந்தது. “டீச்சர்ஸ் எத்தனை வருஷமா இங்க இருக்காங்க?” என்று மனைவி கேட்டாள். “வாங்க, ஹார்ஸ் ரைடிங் ஏரியா பார்க்கலாம்” என்றார். குதிரை ஒன்று நின்றுகொண்டிருந்தது. அந்த வளாகத்தில் எங்களிடம் எதையும் விற்க முயலாத ஒரே ஜீவன் அதுதான். கிளம்பும்போது மனைவி சின்னப் பிள்ளைகளின் டாய்லெட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். அது டூரில் இல்லை என்று தெரிந்தது.

கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம். தனியார் பள்ளிக் கட்டணத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2009-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளிக்கும் தொகை நிர்ணயிக்கிறது. நாங்கள் ஏறி இறங்கிய இடங்களில் அந்தத் தொகைக்கு ஒரு ரசீது உண்டு. மற்றபடி ஆக்டிவிட்டிக்கு ஒன்று, ஸ்மார்ட் கிளாஸுக்கு ஒன்று, திருப்பித் தரப்படும் டெபாசிட்டுக்கு ஒன்று, திருப்பித் தரப்படாத டெபாசிட்டுக்கு ஒன்று. இருபது வருஷமாக வங்கியில் இருக்கிறேன், திருப்பித் தரப்படாத டெபாசிட் என்ற ஒன்றை அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

நகரத்துக்குள் இருக்கும் பழைய பெரிய பள்ளிகளின் கதை வேறு. அங்கே காபி கிடையாது. சிபாரிசு வேண்டும். ஒரு காலத்தில் அப்ளிகேஷன் வாங்கவே ராத்திரி முழுக்க கேட் வாசலில் படுத்துக் கிடந்தார்கள். இப்போது ஆன்லைன். படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, தூங்காமல் இருந்தால் போதும். அப்ளிகேஷனில் குழந்தையைப் பற்றி நாலு வரி. மீதி எல்லாம் எங்களைப் பற்றி: படிப்பு, பதவி, வருமானம், பொழுதுபோக்கு. மனைவி பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘ட்ரெக்கிங்’ என்று எழுதினாள். பரங்கிமலைப் படிக்கட்டு ஏறியதைச் சொல்கிறாள்.

சிபாரிசுக்கு என் மாமா ஒருவர் முன்வந்தார். தமிழ்நாட்டுத் தனியார் பள்ளியில் ஹெட்மாஸ்டர், பிரின்சிபால் எல்லாருக்கும் மேலே கரஸ்பாண்டன்ட் என்று ஒருவர் இருப்பார். கடிதப் போக்குவரத்துக்கு வந்த பதவி நாளடைவில் மொத்த அதிகாரமாகிவிட்டது. “அவர் நமக்கு வேண்டியவர்டா, விட்ரு” என்றார் மாமா. எப்படி வேண்டியவர் என்று துருவினேன். நாகேஸ்வர ராவ் பூங்காவில் இருவரும் காலையில் நடக்கிறார்கள். எதிரெதிராக. மாமா தலையசைத்தால் அவரும் அசைப்பாராம். சில நாள்.

சிபாரிசு பலித்ததோ, தலையெழுத்தோ, ‘இன்டராக்‌ஷன்’ என்று கூப்பிட்டார்கள். இன்டர்வியூ என்று சொல்லக் கூடாது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ எந்தத் தேர்வுக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 வரை. ஓஎம்ஆர் பள்ளியின் பஸ் கட்டணத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது ஒரு தொகையாகவே தெரியவில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தச் சட்டத்தின் விளக்கப்படி குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரை. எல்கேஜிக்குப் போகும் எங்கள் பாப்பாவுக்கு மூன்று. சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் குழந்தையே ஆகவில்லை.

அந்த அறையில் ஓர் அம்மையார் படம் ஒன்றைக் காட்டி, “வாட் இஸ் திஸ், பேபி?” என்றார்.

“தக்காளி.”

“வெரி குட். இங்கிலீஷ்ல?”

பாப்பா கொஞ்சம் யோசித்தாள். தினமும் தாத்தாவோடு காய்கறிக் கடைக்குப் போகிறவள். “கிலோ அறுபது” என்றாள்.

எங்கள் முறை வந்தது. உங்களுடைய பேரன்டிங் ஃபிலாசஃபி என்ன என்று கேட்டார்கள். என்னை வளர்த்த தத்துவம் ஒன்றே ஒன்றுதான், விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தேன், மனைவி காலை மிதித்தாள். ‘சுதந்திரத்துக்கும் ஒழுங்குக்கும் நடுவில்’ என்று ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். ட்ரெக்கிங் பற்றி நல்ல வேளை யாரும் கேட்கவில்லை.

வெளியே காத்திருந்தபோதுதான் நான் இதுவரை மறக்காத ஒன்றைக் கேட்டேன். நன்றாக உடுத்தியிருந்த ஒருவர் ஆபீஸ் கவுன்டரில் குனிந்து, தணிந்த குரலில் விசாரித்தார்: “இங்க அந்த இருபத்தஞ்சு பர்சன்ட் பிள்ளைங்களும் வருவாங்களா?” அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இன்னொரு பிரிவு, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்றது. கவுன்டரில் என்ன பதில் சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் முகம் தெளிந்தது மட்டும் தெரிந்தது.

போர்டு, பாடத்திட்டம், சாண்ட் பிட் என்று நாம் வருஷக் கணக்கில் அலசுவதெல்லாம் பெரும்பாலும் அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் கேட்டதைச் சுற்றித்தான். நம் பிள்ளை என்ன படிக்கும் என்பதைவிட யார் பக்கத்தில் உட்காரும், முக்கியமாக, யார் பக்கத்தில் உட்காராது என்பதற்குத்தான் பணம் கட்டுகிறோம். அவரை அன்று எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவராவது வாய்விட்டுக் கேட்டார்.

இந்தக் கட்டத்தில் மாமனார் விவாதத்துக்குள் வந்தார். “மாப்பிள்ளை, மயில்சாமி அண்ணாதுரை எங்க படிச்சார்? கோதவாடி கவர்ன்மென்ட் ஸ்கூல். இஸ்ரோ சிவன் எங்க படிச்சார்? ஊர்ல, தமிழ் மீடியம். நிலாவுக்கே ராக்கெட் விட்டாங்க.” மறுக்க முடியாத வாதம். இவர் தன் இரண்டு பெண்களையும் கான்வென்ட்டில் படிக்கவைத்தவர் என்பது மட்டும்தான் அதில் ஓட்டை. விஞ்ஞானிகளின் அரசுப் பள்ளிக் கதைக்கு மேடையில் கைதட்டாத ஆள் கிடையாது, அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையை அங்கே சேர்த்த ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என் தம்பி எதிர்க்கட்சி. அவனுக்கு சுந்தர் பிச்சை. “ஐஐடி கேம்பஸுக்குள்ளயே இருக்கிற வனவாணியில பிளஸ் டூ முடிச்சார். அந்தச் சூழ்நிலைதாண்டா முக்கியம்.” அந்தச் சூழ்நிலையில் படித்தவர் ஐஐடிக்காகப் போனது கரக்பூருக்கு. காம்பவுண்டுச் சுவருக்கு உள்ளேயே படித்தும் அந்தக் காம்பவுண்டில் மேற்படிப்பு படிக்கவில்லை. இதைச் சொன்னேன், அவன் பேச்சை மாற்றி ஜே. கிருஷ்ணமூர்த்தி வழிப் பள்ளிகளுக்குப் போனான். போட்டி கூடாது, ஒப்பிடக் கூடாது, பயம் கூடாது. எனக்கும் பிடித்த கொள்கைதான். கிருஷ்ணமூர்த்தியே பல முறை முயன்றும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல் விட்டுவிட்டவர். ஆனால் போட்டி கூடாது என்னும் பள்ளியில் இடம் பிடிக்க நடக்கும் போட்டியைப் பற்றி அங்கே பிள்ளை சேர்த்த எங்கள் மேனேஜர் சொல்லக் கேட்டு, அந்தப் பக்கம் போகவே எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் விஷயத்தை முடித்துவைத்தவர் ஒரு வேன் டிரைவர். எங்கள் தெருமுனை டீக்கடையில் காலை ஐந்தரைக்கு நிற்பார். மூன்று பள்ளிகளுக்கு ஓட்டியவர். ஓஎம்ஆர் பள்ளியின் பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டினார். “ஆறு மணிக்குப் பிக்கப் சார். துரைப்பாக்கம் தாண்டுறதுக்குள்ள சின்னது எல்லாம் தூங்கிடும். எறக்கும்போது தூக்கித்தான் எறக்கணும். சாயந்திரமும் அப்படித்தான்.” இன்னொரு பெரிய பள்ளியில் வருஷத்துக்குப் பாதி டீச்சர்கள் மாறுவதையும், எந்தப் பள்ளியில் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்வரை ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பதையும் அவரே சொன்னார். எந்தக் கவுன்சலரும் இவ்வளவு சொன்னதில்லை. காபிக்குப் பதில் டீ, அதுவும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

பாப்பாவை வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பள்ளியில் சேர்த்தோம். இடது பக்கம் திரும்பும் வகுப்பு. குதிரை கிடையாது. எல்கேஜி டீச்சர் பதினெட்டு வருஷமாக அங்கேயே இருக்கிறார், தக்காளிக்கு என்ன விலை என்று அவருக்கும் தெரியும். பாப்பாவுக்குத் தம்பி பிறந்திருக்கிறான், மாமா இப்போதே பூங்காவில் தலையசைத்துக்கொண்டிருக்கிறாராம்.

ஜனவரியில் அப்ளிகேஷன் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரோபோடிக்ஸ் லேபை அவர்களே காட்டுவார்கள். நீங்கள் சின்னப் பிள்ளைகளின் டாய்லெட்டைக் கேட்டுப் பாருங்கள், டீச்சர் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று கேளுங்கள், குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போங்கள். அதற்கெல்லாம் முன்னால் அந்தப் பள்ளிக்கு ஓட்டும் வேன் டிரைவரைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.