நான்கு மாத இத்தாலியர்

ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லக்கூடாது என்பார்கள். ஊர் புளோரன்ஸ். பேர் சொல்ல அவசியமே இல்லை. டிசம்பர் இரண்டாவது வாரத்தில், மஃப்ளரைக் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, ஆர்னோ ஆற்றுப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற இருபது வயது அமெரிக்கர் யாராக இருந்தாலும், அவர்தான் இவர். ஒரு செமஸ்டர் படிப்பதற்காகச் செப்டம்பரில் வந்தார். அடுத்த வாரம் விமானம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இந்த ஊரில் வெகுகாலமாகக் கடை விரித்திருக்கின்றன. சிராக்யூஸ் பல்கலைக்கழகம் 1959-இலேயே வந்துவிட்டது. ஹெரால்டு ஆக்டன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1994-இல் காலமானபோது, லா பியேத்ரா என்ற தன் மாளிகையைத் தோட்டம் துரவோடும் சிலைகளோடும் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். ஆக, மே மாதம் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை என்று வருஷத்துக்கு இருமுறை இந்த ஊரில் மொத்தக் கொள்முதலாகப் பிரிவுத்துயர் நடக்கிறது. ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது. பழகாதவர் நம்மவர் மட்டும்தான்.

அவர் இப்போது எதைச் செய்தாலும் கடைசி முறையாகச் செய்கிறார். திங்கட்கிழமை கடைசி ஜெலாட்டோ, பிஸ்தா. செவ்வாய்க்கிழமை கடைசி ஜெலாட்டோ, சாக்லேட். புதன்கிழமை, கூடப் படிக்கும் பெண் வர முடியாமல் போனதால் திங்கட்கிழமைக் கடைசி செல்லாது என்று முடிவாகி, மறுபடி பிஸ்தா. கடைசி விருந்து என்ற பெயரில் ஒரே எட்டுப் பேர் ஒரே உணவகத்தில் மூன்று இரவுகள் கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள். பரிமாறுகிறவர் முதல் நாள் மனமிரங்கி ஆளுக்கொரு சின்ன கிளாஸ் லிமொன்செல்லோவை இலவசமாகக் கொடுத்தார். இரண்டாம் நாள் புன்னகை மட்டும். மூன்றாம் நாள் பில்.

வந்த புதிதில் இரவு பீட்சாவுக்குப் பிறகு கப்புச்சினோ கேட்டவர் இவர். கடைக்காரர், உடம்புக்கு என்ன என்று கேட்காத குறையாகப் பார்த்தார். இத்தாலியில் பால் நுரைத்த காப்பியெல்லாம் காலைப் பலகாரத்தோடு சரி. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு பால் உள்ளே போனால் ஜீரணம் கெட்டது என்பதில், பாட்டி முதல் பேராசிரியர் வரை அங்கே ஒரே கட்சி. இன்று நம்மவர் அந்தக் கட்சியின் கொள்கைபரப்புச் செயலாளர். கவுன்டரில் நின்றபடியே எஸ்பிரஸோவை மூன்று மடக்கில் முடித்து, கோப்பையை டக்கென்று வைக்கிறார். மேஜையில் உட்கார்ந்தால் விலை ஏறும் என்ற ரகசியமும் அவருக்குத் தெரியும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்றால், நம்மவர் மத்தியானம் மூன்று மணிக்கு விசிறி மடிப்பு மஃப்ளரோடு நிற்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படி நிற்கும்போது ஒருநாள் ஒஹையோவிலிருந்து வந்த ஒரு தம்பதி உள்ளே நுழைந்து, இரண்டு கப்புச்சினோ கேட்டார்கள். மணி மூன்று. நம்மவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"தம்பி, நீங்க நம்ம ஊரா?" என்றார் பெரியவர்.

"பிறந்தது அங்கே. இப்ப இங்கேதான்" என்றார் நம்மவர், பல தலைமுறையாக ஆர்னோக் கரையில் நிலபுலம் வைத்திருப்பவர் தோரணையில்.

"நல்லதாப் போச்சு. அந்த டேவிட் சிலையைப் பார்க்க எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?"

"அது... அவங்கவங்க ரசனையைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறைகூட வாங்காமல் வெளியே வந்துவிட்டார். காரணம், அவர் டேவிட்டைப் பார்த்ததே இல்லை.

பார்க்கக்கூடாது என்றில்லை. தங்கியிருக்கும் அறையிலிருந்து அக்கதேமியா அருங்காட்சியகம் பத்து நிமிட நடை. பக்கத்தில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் தூரத்தில் இருந்ததையெல்லாம் முதலில் முடித்தார். வெள்ளிக்கிழமை வந்தால் பார்சிலோனா, அடுத்த வெள்ளி பிராக், அதற்கடுத்த வெள்ளி புடாபெஸ்ட். அக்டோபர் தொடக்கத்தில் மியூனிக் பீர்த் திருவிழா. மறுமலர்ச்சிக் கலை வகுப்பை ஆசிரியை ஓவியங்களுக்கு எதிரிலேயே நின்று நடத்துவது வெள்ளிக்கிழமைகளில்தான். இப்போது இறுதித் தேர்வில் திரையில் படம் காட்டி, யார் செய்தது, எந்த ஆண்டு, எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். எங்கே இருக்கிறது என்பதற்கு 'என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு' என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது.

ஆனால் டேவிட்டோடு எடுத்த புகைப்படம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. முதலாவது சிக்னோரியா சதுக்கத்தில் எடுத்தது. மைக்கேலாஞ்சலோ செதுக்கிய அசலை வெயில் மழையிலிருந்து காப்பாற்ற 1873-இல் அக்கதேமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பழைய இடத்தில் இப்போது நிற்பது 1910-இல் வைத்த நகல். இரண்டாவது படம் குன்றின் மேல், மைக்கேலாஞ்சலோ சதுக்கத்தில், சூரிய அஸ்தமனத்தில் எடுத்தது. அது வெண்கல நகல். இரண்டு நகல்களுக்கும் அடியில் 'என் நண்பன் டேவிட்' என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பியாகிவிட்டது.

சரி, இனியாவது அசலைப் பார்ப்போம் என்று முதல் வேலையாகத் திங்கட்கிழமை காலை கிளம்பினார். இத்தாலியில் அருங்காட்சியகங்கள் பலவற்றுக்குத் திங்கள் விடுமுறை. அக்கதேமியாவும் அதில் சேர்த்தி, உஃபிட்ஸியும் அதில் சேர்த்தி. பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறலாமென்றால், 463 படிகளில் முதல் படியில் கால் வைக்கவே முன்பதிவு வேண்டும்; அவர் கிளம்பும் நாள் வரை இடமில்லை. நான்கு மாதமாகத் தினமும் நிழல் தந்த கோபுரம் திடீரென்று கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

வியாழக்கிழமை ஒருவழியாக உள்ளே போனார். டேவிட்டுக்குப் போகிற கூடத்தின் இருபுறமும் மைக்கேலாஞ்சலோ பாதியில் விட்ட 'கைதிகள்' நிற்கிறார்கள். ஒருவனுக்குத் தலை இன்னும் கல்லுக்குள், ஒருவனுக்குக் கை. நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டிய தன் கட்டுரையும் இதே கட்டத்தில்தான் இருக்கிறது என்பது ஞாபகம் வந்து நம்மவருக்கு வயிற்றைக் கலக்கியது. அதைத் தாண்டி நிமிர்ந்தால், ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறான் அவன். நம்மவர் போனை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் காவலாளி வந்து, வழியை மறைக்காதீர்கள் என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார். இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மறுநாளே வாய்ப்புக் கொடுத்துவிட்டார். பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்தெந்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாந்தா குரோச்சே தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது நெஞ்சு படபடத்து, விழுந்துவிடுவோமோ என்று பயந்ததாக எழுதினார். கிராத்ஸியெல்லா மகெரீனி என்ற மனநல மருத்துவர் புளோரன்ஸுக்கு வரும் பயணிகள் பலரிடம் இப்படிக் கலையால் வரும் தலைசுற்றலைக் கண்டு, 1979-இல் அதற்கு ஸ்தெந்தால் நோய் என்று பெயர் வைத்தார். நம்மவரும் அதே தேவாலயத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தனக்கும் அந்த நோய்தான் என்று நண்பர்களுக்குத் தகவல் பறந்தது. ராத்திரி முழுக்கக் கட்டுரை எழுதியதையும், காலையிலிருந்து வெறும் வயிற்றில் நாலு எஸ்பிரஸோ இறங்கியதையும் மருத்துவ வரலாற்றில் சேர்க்கவில்லை.

எழுந்தவர் நேரே போய் நின்றது அதே தேவாலயத்துக்குள் இருக்கும் கவிஞர் தாந்தேயின் கல்லறை எதிரில். 'நானும் உன்னைப்போல் இந்த ஊரிலிருந்து நாடு கடத்தப்படுகிறேன்' என்று கண்கலங்கினார். இரண்டு சின்ன வித்தியாசங்கள். முதலாவது, 1302-இல் அரசியல் பகையால் துரத்தப்பட்ட தாந்தே திரும்பி வந்தால் எரித்துவிடுவோம் என்று தீர்ப்பு எழுதியிருந்தார்கள். நம்மவர் கோடை விடுமுறைக்கு மலிவு டிக்கெட் தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது, அந்தக் கல்லறைக்குள் தாந்தே இல்லை. 1321-இல் ராவென்னாவில் இறந்தவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். பிறகு மனம் மாறிய புளோரன்ஸ், எலும்பையாவது கொடுங்கள் என்று கேட்டும் ராவென்னா மசியவில்லை. 1829-இல் வைத்த இந்த வெற்றுக் கல்லறையோடு ஊர் திருப்திப்பட்டுக்கொண்டது.

அங்கிருந்து புதிய சந்தைக்கு. வெண்கலக் காட்டுப்பன்றியின் மூக்கைத் தடவினால் மறுபடி புளோரன்ஸுக்கு வரலாம் என்பது ஐதீகம். வரிசையில் நின்று, மூக்கைத் தடவி, வாயில் காசு வைத்து, அது கீழேயுள்ள கம்பிச் சல்லடையில் சரியாக விழும்வரை சில்லறையைக் கரைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் பியேத்ரோ தாக்கா வார்த்த அசல் பன்றி பத்திரமாக அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இதுவும் நகல்தான். நகல் டேவிட், நகல் பன்றி, ஆளில்லாத கல்லறை, அவற்றுக்கு நடுவே நான்கு மாத நகல் இத்தாலியர். ஆனால் ஒன்று: அசல் பன்றி அருங்காட்சியக அமைதியில் கிடக்க, ஊர் உலகமே தடவித் தடவி மூக்கு பொன்னாய்ப் பளபளப்பது இந்த நகலுக்குத்தான். நம்மவரின் இத்தாலியும் அப்படித்தான். வார்ப்பு போலியாக இருக்கலாம். மூக்கில் ஏறிய பளபளப்பு உண்மையானது.

அதே சாயங்காலம் போனில் ஒரு செய்தி. மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிற வெளிநாட்டு மாணவர், வந்த எட்டு வேலைநாளுக்குள் தபால் நிலையத்தில் தங்குமிட அனுமதிக்கு மனுப்போட வேண்டும். நம்மவரும் செப்டம்பரில் 16 யூரோ ஸ்டாம்ப் ஒட்டி, வரிசையில் நின்று, பிறகு ஒருநாள் கைரேகையும் கொடுத்துவிட்டு மறந்தே போனார். அட்டை தயாராகிவிட்டதாம். இத்தாலியில் வாழலாம் என்று அரசாங்கம் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டுவிட்டது. பெற்றுக்கொள்ள வேண்டிய தேதி, விமானம் ஏறி ஒரு வாரம் கழித்து.

கடைசி ராத்திரி பெட்டி கட்டும் படலம். அனுமதி 23 கிலோ. நவம்பரில் பிழிந்த புது ஆலிவ் எண்ணெய் மூன்று பாட்டில், காலுறைக்குள். காற்றை உறிஞ்சி அடைத்த பார்மிஜானோ பாளம், சட்டைகளுக்குள். காப்பி போடும் மோக்கா பானை ஒன்று. அவர் ஊர் சூப்பர் மார்க்கெட்டிலேயே அது கிடைக்கும் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. சலாமியை அமெரிக்கச் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்பதால் அதை இப்போதே தின்று தீர்க்கிறார், உப்பில்லாத தஸ்கனி ரொட்டியோடு. முதல் வாரம் இதே ரொட்டியைக் கடித்துவிட்டு, பேக்கரிக்காரர் உப்புப் போட மறந்துவிட்டார் என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்.

வீட்டிலிருந்து அம்மா போன் செய்தார்.

"அம்மா, இங்கே மனுஷங்க வாழத் தெரிஞ்சவங்கம்மா. நாம சும்மா ஓடிக்கிட்டே இருக்கோம்."

"சரிப்பா. ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"ராத்திரி சாப்பாட்டை இனிமே ஒன்பது மணிக்கு வச்சுக்கலாம்மா."

"அப்பா எட்டரைக்குத் தூங்கிடுவார்" என்று அம்மா விஷயத்தை முடித்தார்.

காலையில் வீட்டுக்கார அம்மாள் முன்பணத்தைத் திருப்பித் தர வந்தார். தன் இத்தாலிய மொழியின் அத்தனை இறந்தகால வினைகளையும் இறக்கி, நம்மவர் நெகிழ்ந்தார்: "சின்யோரா, நீங்க எனக்கு இரண்டாவது அம்மா."

"சந்தோஷம்ப்பா. அடுப்பைத் துடைச்சியா?" என்ற அவர், கண்ணாடித் தம்ளர்களை எண்ண ஆரம்பித்தார்.

டாக்சி வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஜனவரியில் இந்த அறைக்கு வரப்போகிறவருக்கு நம்மவர் நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். முதல் வாரமே டேவிட்டைப் பார்; திங்கட்கிழமை போகாதே. வெள்ளிக்கிழமைதோறும் ஊர் சுற்றாதே. தினமும் காப்பி கொடுக்கிறவரின் பெயரை வந்தவுடன் கேட்டுவை, போகும்போது கேட்டால் அவருக்கே சிரிப்பு வருகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு கப்புச்சினோ கேட்காதே.

மடித்து, அவர் கண்ணில் படட்டும் என்று சமையலறை இழுப்பறையைத் திறந்தார். பீட்சாக் கடை விளம்பரத் தாள்களுக்கு அடியில் மே மாதம் காலி செய்தவர் எழுதிய கடிதம் ஒன்று இருந்தது. முதல் வரி டேவிட்டைப் பற்றி. அதற்கு அடியில் போன டிசம்பரில் போனவருடையது, அதற்கும் அடியில் இன்னொன்று. படிக்க நேரமில்லை, கீழே டாக்சி ஹார்ன் அடிக்கிறது. தன்னுடையதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடிவிட்டு ஓடினார். ஜனவரியில் வரப்போகிற பெண், பார்சிலோனாவுக்கு முதல் வெள்ளிக்கிழமை டிக்கெட்டை இப்போதே எடுத்துவிட்டாள்.