காலண்டர் பாப்பாவும் ஆறாயிரம் ரூபாயும்

பரளச்சிப் பக்கம் தங்கச்சியோடு பிறந்தவன் செலவோடு பிறந்தவன். பிள்ளைக்குச் சேனை வைக்கிற அன்றைக்கு ஆரம்பித்து, தொட்டில், அரைஞாண், மொட்டை, காதுகுத்து, பொம்பளைப் பிள்ளையாக இருந்தால் சடங்கு, கடைசியில் கல்யாண மாலை வரைக்கும் தாய்மாமன் மடியில் கை வைக்காத நல்ல காரியம் கிடையாது. அதெல்லாம் ஊர் வழமை, எனக்குப் புகார் இல்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ‘நியூபார்ன் ஷூட்’ என்று ஒரு சீர் எப்போது நுழைந்தது என்றுதான் தெரியவில்லை. எந்த மரத்தடியில் கூடிப் பேசி முடிவு செய்தார்களோ, எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

தங்கச்சிக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மகள் பிறந்து மூன்றாம் நாளே போனை நீட்டினாள். மதுரையில் இருக்கும் அவளுடைய ஓரகத்தியின் பிள்ளை, பிறந்த புதிதில் எடுத்த படத்தில் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு மரவாளிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு லாந்தர். ‘அண்ணே, நல்லாருக்குல்ல?’ என்றாள். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு அர்த்தம், ‘எவ்வளவு வைத்திருக்கிறாய்?’ என்பதுதான்.

நான் வைத்திருப்பது ஒரு ஜெராக்ஸ் கடை. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுப்பேன். நீல ஸ்கிரீன், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ‘கண்ணை மூடாதீங்க, பெரிசு’ என்ற ஒரு வசனம், அவ்வளவுதான் என் ஸ்டூடியோ. போட்டோ உலகத்தில் மதுரைக்காரர்கள் மாடியில் இருந்தால் நான் வாசல்படிக்கும் கீழே. எங்கள் ஊர்ப் பணமும் அப்படித்தான். மானாவாரிக் கரிசல். ஐப்பசி கார்த்திகையில் மழை ஏமாற்றாமல் இருந்தால் தை மாசிக்கு மேல் மிளகாய், மல்லி, பருத்தி என்று கையில் நாலு காசு புரளும். ஏமாற்றிவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்க வேண்டியதுதான். கரி விற்ற காசில் கம்பளித் தொப்பி வாங்கலாமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

டவுன் போட்டோக்காரரிடம் விலை கேட்டேன். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ் சொன்னார். என் பிழைப்பில் முதல்தடவையாக வெள்ளிதான் மலிவாகக் கேட்டது: ஆறாயிரம். இரண்டு செட், எடிட் செய்த ஐந்து படங்கள், எல்லாம் சாஃப்ட் காப்பி. கோல்டு பன்னிரண்டாயிரம். பிளாட்டினத்தில் குடும்பமே மேட்சிங் உடுப்பில் நிற்கலாமாம். எங்கள் குடும்பம் கல்யாணத்திலேயே ஒரு வரிசையில் நின்றதில்லை.

தங்கச்சியிடம் வேறு ஒரு கணக்கு இருந்தது. ‘கவர்மெண்டு பணம் வருதுல்லண்ணே?’ என்றாள். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் 18,000 ரூபாய் உண்டுதான். அதில் 14,000 பணமாக, தவணை தவணையாக. மீதி 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. தாயும் பிள்ளையும் தெம்பாக இருப்பதற்காகக் கொடுக்கிற அந்தப் பணத்தில் லாந்தர் விளக்கு வருமா என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ‘அதுல கைவைக்கக் கூடாதுத்தா’ என்றேன். ‘அப்ப நீங்க குடுங்க’ என்றாள். நியாயமான பேச்சு, பதில் இல்லை.

அப்பத்தா கூட்டலில் கெட்டி. ‘ஆறாயிரமா? ஒரு பொட்டைக் குட்டி பிடிச்சு விட்டா, இவளுக்குக் காது குத்துறதுக்குள்ள அது நாலு ஈத்து ஈனிரும். போட்டோ என்னத்த ஈனும்?’ என்று கேட்டது. நிதி ஆலோசகர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை வெற்றிலை மென்றபடி இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டது கிழவி.

ஆனால் போட்டோக்காரர் கையில் ஒரு வெடிகுண்டு இருந்தது. ‘பதினாலு நாளுக்குள்ள எடுத்தாகணும்ண்ணே. போனா வராது.’ அதில் பொய் இல்லை. பிறந்த புதிதில் பிள்ளை அடித்துப் போட்டதுபோலத் தூங்கும், வயிற்றுக்குள் இருந்த மாதிரியே கையைக் காலைச் சுருட்டிக்கொள்ளும், சுற்றினால் சுற்றின இடத்தில் கிடக்கும். இரண்டு வாரம் தாண்டினால் நிமிர்ந்துகொள்ளும், விழித்துக்கொள்ளும், அழுகையிலும் தேர்ச்சி பெற்றுவிடும். உலகமெங்கும் இந்தத் தொழில் நடப்பது அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான். எங்கள் வீட்டிலோ பதினாறு கழியாமல் வெளியாள் பிள்ளைப் பக்கம் வரக் கூடாது. பதினாலுக்கும் பதினாறுக்கும் நடுவே ஒரு மருமகளும் ஆறாயிரம் ரூபாயும் மாட்டிக்கொண்டன.

இந்தப் ‘போனா வராது’ பேச்சுக்கு எங்கள் அய்யா ஒரு பதில் வைத்திருந்தார். இங்கே பக்கத்தில் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30ஆம் தேதி ஒரு ஆண் பிள்ளை பிறந்தது. வெங்கட்ராமன் என்று பெயர் வைத்தார்கள். வாளியும் இல்லை, தொப்பியும் இல்லை. பின்னால் அந்தப் பிள்ளை ரமண மகரிஷியானபின், 1946இல் வெல்லிங் என்ற பெங்களூர்க்காரர் எடுத்த படம் இன்றைக்கு உலகத்தில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. ‘அறுபத்தாறு வயசுல எடுத்த போட்டோ. என்ன கெட்டுப்போச்சு?’ என்று அய்யா துண்டை உதறினார். நான் கைதட்டாத குறைதான்.

தங்கச்சி அசரவில்லை. ‘அவுக பதினாறு வயசுல வீட்டை விட்டுப் போனாகள்ல, கண்டுபிடிக்க எத்தனை வருஷம் ஆச்சு?’ 1896இல் போனவர் திருவண்ணாமலையில் இருக்கிறார் என்று குடும்பத்துக்குத் துப்புக் கிடைத்தது 1898இல். ‘ரெண்டு வருஷம். பெத்த தாயி அழகம்மா கையில ஒரு போட்டோ இருந்திருந்தா பத்து பேருகிட்டக் காட்டிக் கேட்டிருக்கும்ல?’ என்றாள். அய்யா துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்துவிட்டார். பிறந்த பத்தாம் நாள் எடுத்த படத்தை வைத்துப் பதினாறு வயதுப் பையனை எப்படித் தேடுவது என்று எனக்குத் தோன்றியபோது முன்பணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

தீட்டுப் பிரச்சினையை அம்மா முடித்து வைத்தாள். போட்டோக்காரர் பிள்ளையைத் தொடக் கூடாது, கூட வருகிற அவர் சம்சாரம்தான் தூக்க வேண்டும். அந்தப் பெண்ணை அப்பத்தா வாசலிலேயே நிறுத்தி, ‘ஒனக்குப் பிள்ளை இருக்காத்தா?’ என்று கேட்டது. ‘ரெண்டு.’ கால் கழுவத் தண்ணீர் கிடைத்தது.

பங்குனி வெயில். எங்கள் வீட்டு உள்ளறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ். அவர்கள் பையைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு ரூம் ஹீட்டர். துணியில்லாமல் கிடக்கிற பிள்ளைக்குக் குளிரக் கூடாது, அறை 27, 28 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் படித்த பாடம். பங்குனி மத்தியானத்தில் பரளச்சியில் 28 டிகிரி வேண்டுமென்றால் ஐஸ் கட்டிதான் கொண்டுவர வேண்டும். போட்டோக்காரர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிய பிறகு, ஹீட்டர் சத்தமில்லாமல் பைக்குள் திரும்பிப் போனது. அதற்கு அடுத்து வெளியே வந்தது ஆட்டு ரோமம் மாதிரி ஒரு வெள்ளைப் போர்வை. அதன் பின்னால் சில குச்சிகள், நுனியில் வெடித்த பருத்தி. தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக். பக்கத்து அறையில் எங்கள் காட்டுப் பருத்தி இரண்டு தாட்டு, வியாபாரி வராமல் கிடந்தது. ‘இதை எம்புட்டுக்கு வாங்குனீக?’ என்று அம்மா கேட்டாள். விலையைச் சொன்னார்கள். பருத்தியைப் பிளாஸ்டிக்கில் விளைய வைக்கத் தெரியாமல்தான் நாங்கள் நஷ்டப்படுகிறோம் என்று அன்றைக்குப் புரிந்தது.

இந்தச் செட்டுகள் எல்லாம் யாரோ ஒருவர் கண்ட கனவு. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஆன் கெடஸ் என்ற அம்மாள் பிள்ளைகளைப் பூந்தொட்டியிலும் முட்டைக்கோசிலும் உட்காரவைத்து எடுத்த படங்கள் உலகத்தைச் சுற்றி வந்தன. 1996இல் வந்த அவருடைய ‘டவுன் இன் த கார்டன்’ புத்தகம் சக்கைப்போடு போட்டது. முட்டைக்கோசு விளைகிற குளிர் ஊருக்கு அது பொருத்தம். எங்கள் களத்தில் அந்த மாதம் காய்வது சம்பா வற்றல். அதன்மேல் எந்தப் பிள்ளையையும் படுக்க வைக்க முடியாது, காற்று திரும்பினால் பெரியவர்களே தும்முகிறோம்.

கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் வசம்பு வளையலையும் கழற்றச் சொன்னார்கள். அப்பத்தா குச்சியை ஊன்றி எழுந்தது. பேச்சுவார்த்தையில் பொட்டு கன்னத்திலிருந்து உள்ளங்காலுக்கு இறங்கியது. தூங்கவைக்க ‘உஷ்ஷ்’ என்று இரையும் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து அப்பத்தாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘நா ஒன்பது பிள்ளையத் தூங்க வச்சவ’ என்று பாட ஆரம்பித்தது. பாட்டில் விழித்துக்கொண்ட மருமகள், பெட்டி இரைந்ததும் தூங்கிப் போனாள். அப்பத்தா அன்று ராத்திரி சோறு சாப்பிடவில்லை.

ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளை இரண்டு கையிலும் மோவாயைத் தாங்கிக்கொண்டு யோசிப்பதுபோல ஒரு படம் பார்த்திருப்பீர்கள். பிறந்த பிள்ளைக்குத் தன் தலையைத் தானே தாங்கத் தெரியாது. தலையை ஒருவர் பிடித்திருக்க ஒரு படம், கையை ஒருவர் பிடித்திருக்க இன்னொரு படம் எடுத்து, இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒட்டி, பிடித்த கையை அழிப்பார்கள். அது தெரியாமல் போன் வைத்திருக்கிற சித்தப்பன்மார் வீட்டுக் கட்டிலில் முயற்சி செய்யக் கூடாது. கையை மறைப்பதும் புதிது இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு படத்துக்குப் பல விநாடி அசையாமல் இருக்க வேண்டியிருந்ததால், வெள்ளைக்காரர்கள் தாயை நாற்காலித் துணிபோலப் போர்த்தி உட்காரவைத்து மடியில் பிள்ளையை வைத்து எடுத்தார்கள். பிள்ளைக்குப் பின்னால் ஒரு துணி மூட்டை முழங்காலோடு உட்கார்ந்திருக்கும் படங்கள் அவை.

நாலு நாள் கழித்து வாட்ஸப்பில் ஐந்து படம் வந்தது. வீடே கூடியது. ‘அய்யோ, என்னா கலரு!’ என்று தெருவும் கூடியது. நானும் பார்த்தேன். படத்தில் இருந்த பிள்ளை ரோஜா நிறத்தில் இருந்தது. தோலில் ஒரு சுருக்கம் இல்லை, மூக்கில் பால் பரு இல்லை, உரிகிற தோல் இல்லை. இந்தப் பிள்ளையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். பார்த்துத்தான் இருந்தேன். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் வருஷா வருஷம் தொங்கிய பிள்ளை அது. சிவகாசி எங்கள் ஜில்லாதான். ஜவுளிக்கடை, உரக்கடை, நகைக்கடை எல்லாம் சும்மா கொடுக்கிற காலண்டரில் சிவப்பாக, கொழுகொழுவென்று சிரிக்குமே, அது. ‘பாத்துக்கிட்டே இரு, அதே மாதிரிப் பிறக்கும்’ என்று மாசமான பொம்பளைகள் எதிரில் மாட்டிவைப்பார்கள். என் அம்மாவும் பார்த்தாள். நான் பிறந்தேன். திட்டம் எந்த அளவுக்குப் பலித்தது என்பதை என் நிறம் சொல்லும்.

இப்போது ஆறாயிரம் கொடுத்ததும் காலண்டர் பாப்பா நேராக வீட்டுக்கே வந்துவிட்டது. எங்கள் பாப்பாதான் படத்தில் இல்லை. போட்டோக்காரருக்குப் போன் போட்டேன். ‘தம்பி, எங்க வீட்டுக் கலருக்குக் கொண்டுவந்து குடுங்க.’ எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ‘கூட்டித்தாண்ணே கேப்பாக, கொறச்சு யாரும் கேட்டதில்ல’ என்றார். ‘கொறைக்க எக்ஸ்ட்ராவா?’ ‘இல்லண்ணே, எடிட் பண்றதுக்கு முந்துன படம் இருக்கு, அதை அப்படியே அனுப்பிர்றேன்.’ அனுப்பினார். அவர் கையில் நல்ல வித்தை இருந்தது. கதவுப் பக்கம் விழுந்த வெளிச்சத்தில் மருமகள் எங்கள் அப்பத்தா நிறத்தில், மூக்கில் பருவோடு, கோபமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் வேலைக்குக் கூலி அந்த வெளிச்சத்துக்குத்தான், அதை எப்படி விழவைப்பது என்று எனக்குத் தெரியாது. ஆறாயிரத்தில் பெரும்பங்கு அதைத் துடைத்து அழிப்பதற்கு என்றுதான் எனக்கு ஆத்திரம்.

ஆகவே கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வட்டிக்கு வாங்கி எடுக்காதீர்கள். மிளகாய் நல்ல விலைக்குப் போன வருஷமென்றால் எடுங்கள், ஒரு மணி நேரம் போதும், வாளியும் லாந்தரும் வேண்டாம், பிள்ளையின் நிறத்தில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். முடியாதவர்கள், கதவைத் திறந்து வைத்துக் காலை வெளிச்சத்தில் போனில் எடுங்கள், தாயையும் சேர்த்து. எதில் எடுத்தாலும் பிரிண்ட் போட்டு வையுங்கள். சொந்தக் கடைக்கு வியாபாரம் பிடிக்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, போன் கிணற்றில் விழுந்தவர்கள் அழுதுகொண்டு வருவது என் கடைக்குத்தான். எதுவுமே முடியாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது நீல நிற பால ஆதார். அஞ்சு வயசுக்குள் ரேகையும் வேண்டாம், கண்ணும் வேண்டாம், போட்டோ மட்டும், அதுவும் இலவசம். அதில் யாரையும் சிவப்பாக்கவும் மாட்டார்கள்.

நான் நாலுக்கு ஆறு சைஸில் அந்தக் கோபக்காரியைப் பிரிண்ட் எடுத்து பிரேம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கச்சி வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இதை வீட்டுல மாட்டிக்கிறேண்ணே, ஸ்டேட்டஸ்ல அதை வச்சிக்கிறேன்’ என்றாள். வைத்தாள். ஓரகத்தியிடமிருந்து உடனே ஒரு படம் பதிலாக வந்தது. அவள் பிள்ளைக்கு ஒரு வயசாம், மூஞ்சி முழுக்கக் கிரீமோடு ஒரு கேக்கின் நடுவில் உட்கார்ந்திருந்தது. கேக்கைப் பிள்ளை கையாலே நசுக்கவிட்டு எடுக்கிற ஷூட்டாம், ‘கேக் ஸ்மாஷ்’ என்று பெயராம்.

அப்பத்தா கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தது. ‘நசுக்குறதுக்கு ஒரு கேக்கு, திங்கிறதுக்கு ஒரு கேக்கா?’

‘ஆமா அப்பத்தா.’

‘ரெண்டும் தாய்மாமனா?’

தங்கச்சி என்னைப் பார்த்து, ‘அதுக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்குண்ணே’ என்றாள், ஏதோ சலுகை கொடுக்கிற மாதிரி.