படுத்தால்தான் பாலிசி
எழுபது வயதைத் தொட்டவர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 2024 முதல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, மருத்துவமனையில் சேர்ந்தால். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினம் விழுங்கும் மாத்திரைக்கோ பெரும்பாலான பாலிசிகளில் இடமில்லை. ஒழுங்காக மாத்திரை போட்டு நோயை அடக்கிவைப்பவர் ஓய்வூதியத்தைக் கரைக்கிறார். அதை விட்டுவிட்டுப் பக்கவாதத்தோடு வந்து சேர்பவருக்குக் காப்பீடு கம்பளம் விரிக்கிறது. மாத்திரைக்கும் பணம் கொடுத்தால் பிரீமியம் எகிறாதா என்பார்கள். கொடுக்காமலே எகிறியதால்தானே, மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுமுன் எங்களைக் கலந்துபேசுங்கள் என்று 2025இல் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் கடிவாளம் போட்டது? மலிவு விலைக்கு மக்கள் மருந்தகம் இருக்கிறதே என்பது நியாயமான பதில். ஆனால் அங்கே வாங்க, மருத்துவர் கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் மூலப்பெயரை எழுத வேண்டுமே! அப்படி எழுதுவதைக் கட்டாயமாக்கும் விதியை 2023 ஆகஸ்டில் கொண்டுவந்தவர்கள், அதே மாதத்தில் நிறுத்தியும் வைத்துவிட்டார்கள்.