எத்தனை நாளைக்கு மறக்கலாம்?

துருவுக்கு எதிரான மருந்துகளை ஒப்பிட நினைக்கிறவர் முதலில் தன் சோம்பலை அளந்துகொள்ள வேண்டும். எந்த டப்பாவிலும் இந்த அளவு அச்சாகியிருக்காது. 'நீண்ட காலப் பாதுகாப்பு' என்றுதான் போட்டிருக்கும். யாருடைய நீண்ட காலம்? என் அம்மாவுக்கு அது காலையில் காய் நறுக்கியதிலிருந்து மாலையில் காய் நறுக்குகிற வரை. எனக்கு ஓர் ஆயுத பூஜையிலிருந்து அடுத்த ஆயுத பூஜை வரை. தேனிப் பக்கம் இருக்கும் பெரியப்பாவுக்குத் தேர்தல் அறிவிப்பிலிருந்து வாக்கு எண்ணிக்கை வரை. அவரிடம் கடைசியாக வருகிறேன். லைசென்ஸ் உள்ள ரெட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவரைக் காக்க வைப்பது உசிதமல்லதான்.

நான் குடியிருப்பது திருவான்மியூரில், கடலிலிருந்து நடக்கிற தூரம். வாடகை ரசீதில் 'கடற்காற்று' என்று தனியே போடவில்லையே தவிர, அதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். இரும்பு துருப்பிடிக்க ஆக்ஸிஜனும் ஈரமும் போதும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின் மேல் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடும். அதில் உப்பும் சேர்ந்தால் வேலைக்கு இரட்டைச் சம்பளம். எங்கள் பகுதியில் இரவு ஷிப்ட் முழுக்க இந்த வேலைதான் நடக்கிறது.

கடல் இல்லாத ஊர்க்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். வியர்வையிலும் உப்புதான் இருக்கிறது. இரும்பு வேலை நடக்கிற தொழிற்சாலைகளில் சிலர் கைபட்டால் மட்டும் பாகங்கள் சீக்கிரம் துருப்பிடிப்பதைக் கவனித்திருக்கிறார்கள். அவர்கள் வியர்வையின் வாகு அப்படி. என் மச்சான் அந்த ரகம். அவர் இரவல் வாங்கிப் போன ஸ்பானர் திரும்பி வந்த ஒரு வாரத்தில், பிடித்த இடத்தில் ஐந்து விரலும் காவி நிறத்தில் எழும்பி நிற்கும். யார் எடுத்தார்கள் என்று வீட்டில் விசாரணையே தேவைப்படுவதில்லை.

ஆனால் ஒரு நாட்டின் அத்தனை இரும்புச் சாமான்களையும் வரிசையாக அடுக்கி, ஈரமான சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றின் மேலும் அப்பி, 'நாளைவரை தொடக்கூடாது' என்று சட்டமும் போட்டு வைக்கும் பண்டிகை நம்முடையதுதான். ஆயுத பூஜை முடிந்து விஜயதசமி அன்று சுத்தியலைத் துடைத்துப் பாருங்கள். சந்தனப் பொட்டு போயிருக்கும். அதே வட்டத்தில் துருப் பொட்டு இருக்கும். கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாளில் அவற்றுக்கு நாம் செய்கிற மரியாதை இது. பூஜையை விட முடியாது, துருவையும் விட முடியாது என்று நான் குழம்பியபோது அம்மா ஒரே வரியில் தீர்த்தார்: "நாமளே எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டுதானடா பொட்டு வெச்சுக்கறோம்?" இப்போதெல்லாம் எண்ணெய் பூசித் துடைத்த பிறகே உளிக்கும் ரம்பத்துக்கும் பொட்டு. சாஸ்திரமும் கெடவில்லை, உளியும் கெடவில்லை.

அம்மாவின் எண்ணெய், தேங்காய் எண்ணெய். அவருடைய அரிவாள்மனை பழைய இரும்பு, எவர்சில்வர் இல்லை. கத்திரிக்காயை நறுக்கினால் அது கறுக்கும், அலம்பி வைத்தால் துருப்பிடிக்கும், ஆனாலும் எவர்சில்வர் எதுவும் அதன் கூர்மைக்குப் பக்கத்தில் வர முடியாது. நறுக்கி முடித்ததும் அலம்பி, துணியால் ஒட்டத் துடைத்து, விரல் நுனியில் எண்ணெய் தொட்டு ஒரு இழுப்பு. என் கணக்கில் உலகின் தலைசிறந்த துருத்தடுப்பு முறை இதுதான். அதில் எண்ணெயின் பங்கு குறைவு, துணியின் பங்கு அதிகம். தேங்காய் எண்ணெய் தானாகக் காய்ந்து தோலாக மாறுகிற ரகமில்லை. சென்னைச் சூட்டில் அது உறைவதும் இல்லை. மெல்ல வழிந்து இறங்கிவிடும். நாள்பட்டால் சிக்கு வாசம் வேறு. ஆளி விதை எண்ணெய் காய்ந்து படலமாகும், அதனால் பழைய தச்சர்கள் அதை விரும்பினார்கள். தோசைக்கல்லில் கறுப்பாக இறுகியிருப்பதும் எண்ணெய்தான் என்றாலும், அதற்கு அடுப்புச் சூடு வேண்டும். என் டிரில்லிங் மிஷினை அடுப்பில் வைத்துப் பழக்க அம்மா சம்மதிக்கவில்லை.

அடுத்து, எந்த வீட்டுப் பரணிலும் தென்படும் அந்த நீலமும் மஞ்சளுமான டப்பா. டபிள்யூடி-40 என்றால் பலருக்கு அது சர்வரோக நிவாரணி. கதவு கிறீச்சிட்டாலும் அதுதான், ஸ்டிக்கர் பசை போகாவிட்டாலும் அதுதான், பூட்டு திறக்காவிட்டாலும் அதுதான். 1953இல் சான் டியாகோவில் ஒரு சின்ன ரசாயனக் கம்பெனி, ஈரத்தை விரட்டுவதற்கென்று ஒரு கலவை தேடியது. நாற்பதாவது முயற்சியில் கிடைத்ததால் பெயரிலேயே 40. முதலில் பூசிக்கொண்டது அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய எஃகு உடம்பு. அங்கே வேலை பார்த்தவர்கள் டப்பாவை வீட்டுக்குக் கடத்திப் போனதாகவும், அதைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரர்களுக்குக் கடையில் விற்கும் யோசனை வந்ததாகவும் சொல்வார்கள். கலவை ரகசியம் வெளியே தெரியக் கூடாதென்று காப்புரிமையே வாங்கவில்லை. நம்ம ஊர் சாம்பார்ப் பொடிக் கம்பெனிகளுக்குச் சொல்லிக் கொடுத்தது போல.

ஈரத்தை விரட்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மழையில் நனைந்த கட்டிங் பிளேயரை எடுத்து உடனே அடித்தால் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிற கரைப்பான். மிஞ்சுகிற எண்ணெய்ப் படலம் மெலிதானது. கடலோரத்தில் அதை நம்பி ஒரு பருவமழையை உறங்கிக் கழிக்க முடியாது. அந்தக் கம்பெனியே நீண்ட நாள் துருத்தடுப்புக்கென்று வேறொரு டப்பா விற்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டுமென்று தோன்றியது. தொழில்முறைக்காரர்கள் இதற்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். 35 டிகிரி சூட்டில், 5 சதவீத உப்புக் கரைசலை மணிக்கணக்கில் பனி மாதிரி தூவுவார்கள். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இலிருந்து இயங்குகிறது. அரிமானம் அவர்களுடைய முக்கியமான பாடங்களில் ஒன்று. மண்டபத்தில் கடலோரமாக ஒரு நிலையமே அமைத்து, உலோகத் தகடுகளை வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் காட்டி ஆராய்ந்திருக்கிறார்கள். பெட்டிக்கு எனக்கு வக்கில்லை. ஆனால் 35 டிகிரியும் உப்புக்காற்றும் எங்கள் மொட்டைமாடியில் இலவசம்.

ஆணிகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கடையிலிருந்து வரும்போதே அவற்றின் மேல் கொஞ்சம் எண்ணெய் இருக்கும், அதை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதினால் காப்பியடித்ததாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து தடவி, பழைய மரப்பலகையில் வைத்தேன். ஒன்றும் தடவாத ஆணி மறுநாளே செம்பட்டையானது. தேங்காய் எண்ணெய் ஆணியைச் சுற்றி எறும்பு மாநாடு. பிறகு ஒரு காக்கை வந்து அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அந்த ஆணி இப்போது எந்த மரத்தில், எந்த நிலையில் இருக்கிறதோ, ஆய்வுக் குறிப்பில் 'முடிவு தெரியவில்லை' என்று எழுதிவிட்டேன். ஏவுகணை மருந்து பூசியதில் சீக்கிரமே புள்ளிகள் தோன்றின. தையல் மிஷின் எண்ணெய் இன்னும் சற்றுத் தாக்குப்பிடித்தது. கிரீஸ் பூசிய ஆணி கடைசிவரை பளபளவென்று இருந்தது. ஆனால் அதன் மேல் ஒட்டியிருந்த தூசி, மகரந்தம், கொசு, பக்கத்து வீட்டு வடகத்தின் தூள் எல்லாவற்றையும் சுரண்டிய பிறகே அந்தப் பளபளப்பு தெரிந்தது.

ஆக, கெட்டியானது நிற்கும், ஆனால் அழுக்கைச் சேர்க்கும். நீர்த்தது சுத்தமாக இருக்கும், ஆனால் ஓடிவிடும். சந்தையில் இருக்கிற மற்ற அத்தனை சரக்கும் இந்த இரண்டுக்கும் நடுவே பேரம் பேசுகிறவைதான். வாஸலின் கொஞ்சம் கெட்டி. அமெரிக்க எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களில் ஒட்டிக்கொண்ட பிசுக்கைச் சுத்தப்படுத்தி 1872இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய ராபர்ட் செஸ்பரோ, தினமும் ஒரு கரண்டி வாஸலின் விழுங்குவதாகச் சொல்லிக்கொண்டவர். 96 வயதுவரை இருந்தார். செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் கலந்த பூச்சுகளும் உண்டு. மழையில் நனையும் ஆட்டுக்கு ஏற்றது கப்பலுக்கும் ஏற்றதாயிற்று. வாசம் மட்டும் ஆட்டை மறக்க விடாது.

கெட்டியின் உச்சம் காஸ்மோலின். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் துப்பாக்கிகளை இதில் தோய்த்துத்தான் கடல் கடந்து அனுப்பினார்கள். அன்று பெட்டிக்குள் போன துப்பாக்கிகள் பத்தாண்டுகள் கழித்துப் பிரித்தபோதும் துருவில்லாமல் வெளியே வந்தன. அதுவரை சரி. அதை வழித்தெடுக்கிறவனின் பாட்டைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மண்ணெண்ணெய், வெந்நீர், வெயில், பழைய பனியன் எல்லாம் ஆன பிறகும், மரக்கட்டைக்குள் ஊறிப்போனது அடுத்த கோடையில் வியர்த்துக்கொண்டு வெளியே வரும்.

இனி துருப்பிடித்த பிறகு வைத்தியம். பாரிமுனைக் கடையில் 'ரஸ்ட் கன்வர்ட்டர்' என்று பால் போல ஒரு திரவம் விற்றார்கள். விலையைக் கேட்டால் இரும்பைப் பொன்னாக்கும் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதில் சில வகைகளின் சரக்கு டானிக் அமிலம். அது துருவோடு சேர்ந்தால் கறுப்பாக, அடங்கிய படலமாக மாறும். நம் கலம்காரிக்காரர்கள் இதைத் துணியில் செய்கிறார்கள்: கடுக்காய் ஊறிய துணியின் மேல், வெல்லத் தண்ணீரில் இரும்பை ஊற வைத்த சாற்றால் கோடு இழுத்தால் பளிச்சென்று கறுப்பு விழுகிறது. கடுக்காயில் இருப்பதும் அந்த வகை டானின்தான். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "அப்ப நாட்டு மருந்துக் கடைக்குப் போங்க சார், இங்க ஏன் வந்தீங்க?" என்றார். நியாயம். போனேன்.

பெரியப்பாவுக்கு வருவோம். அந்தத் துப்பாக்கி பயிர்க்காவலுக்கென்று தாத்தா காலத்தில் லைசென்ஸ் வாங்கியது. அது சுட்டதைவிடத் துடைக்கப்பட்டதே அதிகம். அந்தக் குழலின் கருநீலப் பளபளப்பும் ஒரு வகைத் துருதான் என்று சொன்னபோது பெரியப்பா என்னோடு ஒரு வேளை பேசவில்லை. உண்மை அதுதான். பழைய முறையில் துப்பாக்கி செய்கிறவர்கள் எஃகை வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, அதைக் கொதிநீரில் போட்டுக் கறுப்பாக்கி, மேலே உதிர்வதைத் துலக்கி, மறுபடி துருப்பிடிக்க விடுவார்கள். கறுப்புத் துரு எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொண்டு சிவப்புத் துருவைத் தடுக்கும். பங்காளியை வைத்தே பங்காளியை அடக்கும் உத்தி என்று விளக்கியதும் சமாதானமானார். நிலத் தகராறு பார்த்த மனிதர்.

அவர் நம்ப மறுத்த இன்னொன்று, துப்பாக்கிக்குத் துருமருந்தாக வெந்நீர். பழைய ராணுவத் தோட்டாக்களின் மூட்டும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது ஒரு வகை உப்பாகக் குழலுக்குள் படியும். எத்தனை உயர்ந்த எண்ணெய் ஊற்றினாலும் உப்பு கரையாது. எண்ணெய்ப் போர்வைக்கு அடியில் நிம்மதியாக அரித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் லீ-என்ஃபீல்டு குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றினார்கள். பிறகு துடைப்பு, அதற்குப் பிறகே எண்ணெய். 1904இல் ஜெர்மனியில் வந்த பாலிஸ்டால் என்ற எண்ணெயின் சாமர்த்தியமும் இங்கேதான்: தண்ணீரோடு கலந்தால் மோர் போல் வெளுத்து, இரண்டு வேலையையும் ஒரே கையால் செய்யும். இக்காலத் தோட்டாக்களில் அந்த உப்புத் தொல்லை இல்லை. பெரியப்பாவின் தொல்லை வேறு: தோல் உறை. பதனிட்ட தோல் ஈரத்தை உறிஞ்சிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். உறைக்குள் துப்பாக்கியை நெடுநாள் வைப்பது அதை ஈரத்துணியில் சுற்றி வைப்பதற்குச் சமம். உறை இப்போது சுவரில் தனியாகத் தொங்குகிறது.

மிச்சம் தேர்தல். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024இல் அறிவிப்பு மார்ச் 16, தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. பெரியப்பா மையை விரலில் காட்டிக்கொண்டு மறுநாளே துப்பாக்கியைக் கேட்கப் போய்விட்டார். நாடு மொத்தமும் ஏழு கட்டம், எண்ணிக்கை ஜூன் 4. பீகார்க்காரர்கள் வாக்களித்து முடிக்கிற வரை தேனியில் ஒரு துப்பாக்கி மூலையில் சாய்ந்து நின்றது. திரும்பி வந்தபோது அதை எத்தனை பேர் ஆசையாகத் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பது குழல் முழுக்கப் பதிவாகியிருந்தது.

அதற்கு மெழுகுதான் சரி என்று பரிந்துரைத்தேன். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ரெனசான்ஸ் வேக்ஸ். அருங்காட்சியகங்களில் பழைய வாள்களுக்கும் துப்பாக்கிகளுக்கும் பூசுவது. காய்ந்தால் பிசுபிசுக்காது, தூசி ஒட்டாது, கைரேகையும் அவ்வளவாக ஏறாது. விலையைச் சொன்னதும் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். குழலின் உட்பக்கத்துக்கு மெல்லிய எண்ணெய் போதும், சுடுவதற்கு முன் மறக்காமல் துடைத்துவிட வேண்டும், உள்ளே கிரீஸை அடைத்து வைத்துச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. உள்ளாட்சித் தேர்தல் எப்ப?"

"இன்னும் தேதி சொல்லலை, பெரியப்பா."

"அப்ப வெளியில கிரீஸையே பூசு. நல்லா தாராளமாவே பூசு."