இரவல் பைத்தியம் ஆவாது, பேராண்டி

மலையேறப் போறியாமே. சந்தோஷம். மங்கலம்பேட்டையில பொறந்தவனுக்கு அந்த ஆசை வரக்கூடாதுன்னு சட்டமா இருக்கு? நம்ம பக்கம் உளுந்தூர்பேட்டைக்குப் போனாலும் சமதரை, விருத்தாசலத்துக்குப் போனாலும் சமதரை. விருத்தாசலத்துக்குப் பழம்பேரு திருமுதுகுன்றம், சாமி பேரு பழமலைநாதர். பேருல இருக்கற மலை கண்ணுக்குத்தான் தெரியல. ஒன்ன மாதிரி பயலுவோ ஏறி உழுந்து தொலைப்பானுவோன்னு சாமியே ஒளிச்சு வெச்சுட்டாரோ என்னமோ.

போதாக்கொறைக்குக் கவிதை வேற எழுதறியாம். ஒரு பைத்தியம்னா வைத்தியம் பாக்கலாம். ரெண்டும் சேந்தா வைத்தியனுக்கும் சேத்துல்ல பாக்கணும்?

பயப்படாத, நான் தடுக்க மாட்டன். நம்ம சீமையே பித்துப் புடிச்ச சீமைதான். உளுந்தூர்பேட்டையத் தாண்டினா திருநாவலூரு, சுந்தரர் பொறந்த ஊரு. கல்யாணப் பந்தல்ல வந்து வழக்காடின கெழவனைப் பித்தன்னு திட்டினாரு. வந்தது சாமி. திட்டின அதே வார்த்தையிலயே பாட்டை ஆரம்பின்னுட்டாரு. பைத்தியத்துக்குப் பட்டா குடுத்த மொத எடம் நம்மளுதுதான்.

பண்ருட்டிப் பக்கம் திருவாமூர்ல பொறந்தவரு அப்பரு. கயிலாயம் பாத்தே தீருவன்னு கெளம்பினாரு. காலு தேஞ்சிது, கையால ஊந்தாரு. கையும் தேஞ்சிது, மாரால நவுந்தாரு, பொரண்டாரு. சாமி முனிவர் வேசத்துல வந்து திரும்பிப் போப்பான்னாலும் கேக்கல. கடைசியில ஒரு குளத்துல முழுவச் சொல்லி, திருவையாத்துல எழுப்பி, அங்கயே கயிலாயத்தைக் காட்டினாருன்னு சேக்கிழாரு எழுதி வெச்சிருக்காரு. காரைக்காலம்மையாரு அந்த மலைய மிதிக்கக்கூடாதுன்னு தலையாலயே ஏறினாங்க. சுந்தரரு மட்டும் வெள்ளை யானை மேல உக்காந்து போயிட்டாரு. திருநாவலூர்க்காரரு, வெவரம்.

நெசமான கயிலாய மலை 6,638 மீட்டரு. எவரெஸ்ட்ட விடக் குட்டைதான். ஆனா உச்சிய மிதிச்சவன் ஒருத்தனும் இல்ல. மெஸ்னர்னு ஒரு மனுசன், உலகத்துல எட்டாயிரம் மீட்டரத் தாண்டின 14 சிகரத்தையும் ஏறி முடிச்ச மொத ஆளு. 1970-ல நங்க பர்வத்துல தம்பியப் பறி குடுத்தாரு, ஏழு கால்விரலயும் பறி குடுத்தாரு. அப்பறமும் ஏறினாரு. அப்பேர்ப்பட்டவருக்குக் கயிலாயம் ஏற வாய்ப்பு வந்துச்சு. வாணாம்னுட்டாரு. கேட்டுக்க, பைத்தியம் சொந்தமா இருந்தா ‘வாணாம்’னும் சொல்லத் தெரியும். பக்கத்து வூட்டுக்காரங்கிட்ட இரவல் வாங்கின பைத்தியத்துக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது.

கோயமுத்தூருப் பக்கம் வெள்ளியங்கிரிக்குப் போய்ப் பாரு. ஏழு மலை, அடிவாரத்துல மூங்கில் கழி. இருதய நோய், மூச்சிரைப்பு இருக்கறவங்க ஏறாதீங்கன்னு வனத்துறை வருசா வருசம் சொல்லுது. வருசா வருசம் பாதி மலையில நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவங்க சேதியும் வருது. பக்தியில போனவன் மூணாவது மலையில கும்புட்டுத் திரும்பினா சாமி கோவிச்சுக்கவா போறாரு? கூட்டாளி போட்டோ போட்டுட்டானேன்னு போனவனுக்குத்தான் திரும்ப வழி தெரியறதில்ல.

இதுல சிரிக்க முடியாத சேதியும் ஒண்ணு இருக்கு. 2018 மார்ச் 11, போடி பக்கம் குரங்கணி. மலைய ரசிக்கப் போன சின்னஞ்சிறுசுங்களக் காட்டுத்தீ வளைச்சிடுச்சு. 20 பேருக்கு மேல போய்ச் சேந்துட்டாங்க. சரிவுல தீ மேல்நோக்கித்தான் வெரசா ஓடும், மனுசன் ஓட்டம் அதுக்கு ஈடாவாது. ஏறறதுக்கு முன்னால எந்த மாசம், காத்து எந்தப் பக்கம், புல்லு காஞ்சிருக்கா, வனத்துறை விட்டிருக்கான்னு கேக்கணும். கேட்டா வீரம் கொறஞ்சுடாது.

எவரெஸ்ட் உச்சியில, இங்க கெடைக்கிற பிராணவாயுவுல மூணுல ஒரு பங்குதான். மூளை தன்னால ஆட்டம் போடும். 1933-ல ஃபிராங்க் ஸ்மைத்னு ஒருத்தரு மேல தனியாப் போயிட்டிருந்தாரு. கூடவே யாரோ வர்றாப்பல இருந்துச்சாம். இனிப்பை ஒடச்சு, பாதியத் திரும்பி நீட்டினாரு. வாங்கிக்க ஆளே இல்ல. நீ கவிதை படிக்கறப்ப எதிர்ல நாலு பேரு கேக்கறதா நெனச்சுக்கறியே, அதேதான். அதுக்கு ஒனக்கு மலை கூட வாணாம்.

மே 23-ந் தேதிய ஞாவகம் வெச்சுக்க. 1997-ல மலேசியாவுலேருந்து மொத மொதல்ல எவரெஸ்ட் ஏறினது மகேந்திரன், மோகனதாஸ்னு நம்ம தமிழ் ஆளுங்க ரெண்டு பேரு. 2023-ல அதே தேதியில விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்செல்வி ஏறிச்சு. ஒரே மூச்சுல ஏறிட்டாங்கன்னு நெனக்காத. வாரக்கணக்குல ஒரு முகாமுக்கு ஏறி, எறங்கி, மறுபடி ஏறி ஒடம்பப் பழக்குவாங்க. விருத்தாசலத்துல பீங்கான் பொம்மை செய்யறவங்களக் கேளு. ஈரம் காயாத பொம்மைய நேராச் சூளையில வெச்சா உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி வெடிச்சுப் போவும். மெதுவாக் காய வெச்சுத்தான் பெருந்தீயக் காட்டுவாங்க. நீ நேத்து பூட்ஸ் வாங்கிட்டு நாளைக்கு உச்சிங்கற.

எழுத்துலயும் இதே கூத்துதான். நம்ம திருப்பாதிரிப்புலியூர்ல 1906-ல பொறந்தவரு புதுமைப்பித்தன். காசநோய் வந்து 1948-ல, 42 வயசுல போயிட்டாரு. அதப் படிச்சுட்டுப் பயலுவோ என்னா செய்யறானுவோ? சோறு திங்காம, தாடி வளத்து, ராத்திரி முழுக்கப் பொகைய ஊதி, இருமிப் பழகறானுவோ. இருமல்லேருந்து கதை வந்ததாடா? கதை எழுதற கையத்தான் இருமல் கொண்டுபோச்சு. அவருகிட்ட இரவல் வாங்கறதா இருந்தா உழைப்ப வாங்கு, நோய ஏன் வாங்கற?

சி.சு. செல்லப்பா 1959-ல ‘எழுத்து’ன்னு பத்திரிகை ஆரம்பிச்சு, பொண்டாட்டி நகையக் கரைச்சாரு. புத்தக மூட்டையத் தோள்ல சொமந்து ஊர் ஊரா வித்தாரு. அதுவும் மலையேத்தந்தான். ஆனா 1998 வரைக்கும், 86 வயசுவரைக்கும் இருந்து எழுதினாரு. நம்ம மணக்கொல்லை கண்மணி குணசேகரன், பஸ் பணிமனையில வேலை பாத்துக்கிட்டே நடுநாட்டுப் பேச்சு வார்த்தையப் பொறுக்கிச் சொல்லகராதியே போட்டுட்டாரு. பஸ்ஸும் ஓடுச்சு, அகராதியும் வந்துச்சு. சொந்தப் பைத்தியம் சம்பள நாள மறக்காது.

ஆவ, போ. வூட்டுல சொல்லிட்டுப் போ. டாக்டருகிட்ட நெஞ்சக் காட்டிட்டுப் போ. போன் சார்ஜ் தீந்தாலும் ஏறுவனான்னு ஒன்னயே கேட்டுப் பாரு. ஆமான்னு வந்தா பைத்தியம் ஒன்னோடது, தாராளமாக் கெளம்பு.

இன்னும் ஒண்ணு. 1996 மே 10, எவரெஸ்ட்டுல மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள திரும்பிடணும்னு பேச்சு. உச்சி எட்டற தூரத்துல தெரிஞ்சுச்சு, மணிய மறந்துட்டாங்க. புயல் வந்துச்சு. கூட்டிட்டுப் போன பெரிய வழிகாட்டிங்க ராப் ஹால், ஸ்காட் ஃபிஷர் ரெண்டு பேரையும் சேத்து 8 பேரு திரும்பல. எழுத வந்த பத்திரிகைக்காரரு ஜான் கிராக்கவர் பொழச்சு வந்து அதப் புத்தகமாப் போட்டாரு. அதனால மலையில ரெண்டு மணி ஆனா, உச்சி மூக்கு மேல நின்னாலும் திரும்பிடு. கவிதையில மட்டும் பத்து மணிக்கே எறங்கிடு. யாரும் கொறை சொல்ல மாட்டாங்க.