வளரும் பிள்ளைக்கு ஒரு டிரான்ஸ்பார்மர்

தீபாவளிக்குச் சட்டை எடுக்கும் அப்பாக்களுக்கு ஒரு கொள்கை உண்டு: வளரும் பிள்ளை, இரண்டு அளவு பெரிதாகவே இருக்கட்டும். இதே அப்பாக்கள்தான் பிறகு ஆலை தொடங்கி டிரான்ஸ்பார்மர் வாங்கக் கிளம்புகிறார்கள்.

தேவை 200 கே.வி.ஏ. வாங்குவது 500. “நாளைக்கு விரிவாக்கம் வருமே!” விரிவாக்கத்துக்கு முன்னால் மின்கட்டண ரசீது வந்துவிடுகிறது. ஆலையில் ஒரு பல்புகூட எரியாவிட்டாலும், இணைப்பில் இருக்கும்வரை டிரான்ஸ்பார்மரின் இரும்பு உள்ளகம் மின்சாரம் தின்றுகொண்டே இருக்கும். அந்த இழப்பு 1 கிலோவாட் என்றால் ஆண்டுக்கு 8,760 யூனிட். பொங்கல் விடுமுறையும் அதில் சேர்த்தி.

சிக்கனக்காரர் வேறு கட்சி. “மோட்டார்கள் இழுப்பது 100 கிலோவாட், 100 கே.வி.ஏ. போதும்” என்பார். திறன் காரணி 0.8 என்றால் அதற்கே 125 கே.வி.ஏ. வேண்டும். இதைப் பொறியாளர் சொன்னால் கேட்கமாட்டார். டிரான்ஸ்பார்மரின் சுருள் சூடேறிச் சொன்னால் கேட்பார். சுமை இரண்டு மடங்கானால் சுருளில் இழப்பு நான்கு மடங்கு.

விலைப்புள்ளிகள் வந்ததும் இரு கட்சியும் ஒன்றாகிவிடும். கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் படிப்பார்கள். பாதிச் சுமையிலும் முழுச் சுமையிலும் இழப்பு எவ்வளவு இருக்கலாம் என்று ஐ.எஸ். 1180 தரநிலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. விலைப்புள்ளியில் இழப்பைச் சொல்லும் பக்கத்தின் மேல் டீ கிளாஸ் இருக்கும்.

வாங்கி நிறுத்திய பின்னும் ஒரு வேலை பாக்கி. எண்ணெய் டிரான்ஸ்பார்மரின் சுவாசக் குடுவையில் நீல சிலிகா ஜெல் இளஞ்சிவப்பானால், அது அலங்காரமல்ல. ஈரம் ஏறிவிட்டது, மாற்றுங்கள்.